சிற்றலை ரேடியோவைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்!

கையில் செல்போன் இருக்கும்போது ரேடியோப் பெட்டி எதற்கு என்று கேட்கும் அன்பர்கள் மும்பையில் நிறைய. தாராவி, ஆண்டாப் ஹில், செம்பூர், முலுண்டு என்று நம்மவர் வாழும் பகுதிகளில் பரணைத் துழாவினால் இன்றைக்கும் பல வீடுகளில் ஒரு பிலிப்ஸோ, மர்ஃபியோ, நேஷனல் பானசோனிக்கோ அகப்படும். தோல் உறை கிழிந்திருக்கும். ஏரியல் பாதியில் ஒடிந்திருக்கும். பாட்டரி வைக்கும் இடத்தில் பச்சை பூத்திருக்கும். தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது அதைப் பழைய பேப்பரோடு சேர்த்து பங்கார்வாலாவின் தராசில் வைத்துவிடுகிறார்கள். வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

பழைய நினைவில் உருகி எழுதுவதாக எண்ண வேண்டாம். எனக்கு வயது முப்பத்தைந்து. இலங்கை வானொலியின் பொற்காலம் என் தகப்பனார் காலத்தது. நான் சிற்றலைக்கு வந்ததே செல்போன் வாங்கிய பிறகுதான். செல்போனில் எல்லாம் கிடைக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சென்னை, திருச்சி, நெல்லை ஆகாசவாணியை இங்கிருந்தே துளிக் கரகரப்பும் இல்லாமல் கேட்கலாம், நானும் கேட்கிறேன். ஆனால் அது மார்க்கெட்டில் மீன் வாங்குவது போன்றது. சிற்றலையில் தூரத்து நிலையம் ஒன்றைப் பிடிப்பது தூண்டில் போட்டுப் பிடிப்பது போன்றது. குழம்பில் இரண்டும் ஒன்றுதான். கரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவனைக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

ஹவாயிலிருந்து ஒரு குரல்

ஒரு ரெஸ்ட் நாள் இரவு. மொட்டை மாடியில் உட்கார்ந்து 10,000 கிலோஹெர்ட்ஸில் முள்ளை நிறுத்தியிருந்தேன். அந்த இடத்தில் சீனாவின் நேரக்குறி நிலையம் நொடிக்கு நொடி 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டிருக்கும். மும்பையில் அதைப் பிடிப்பது பெரிய காரியமல்ல. அன்று அந்த டிக்டிக்குக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல, ஒரு பெண் குரல் கேட்டது. காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்தேன். இங்கிலீஷில் மணி சொல்கிறாள். பதினைந்து மணி ஐம்பது நிமிடம். அதாவது நம் மணிக்கு இரவு 9.20.

அது ஹவாய்த் தீவிலுள்ள அமெரிக்க அரசின் நேரக்குறி நிலையம். இதே அலைவரிசையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலிருந்தும் ஒரு நிலையம் மணி சொல்கிறது. அங்கே ஆண் குரல். ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடாமலிருக்க, நிமிடம் முடிவதற்குப் பதினைந்து நொடி முன்னால் அம்மாள் சொல்லத் தொடங்குவார். ஐயா அதற்குப் பிறகு ஆரம்பிப்பார். பெண் குரல் கேட்டால் ஹவாய், ஆண் குரல் கேட்டால் கொலராடோ. பிடிக்கிறவனுக்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

மும்பையிலிருந்து ஹவாய் 12 ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். அந்த நிலையத்தின் சக்தி வெறும் பத்து கிலோவாட். நடுவில் சீனம், பசிபிக் சமுத்திரம். எந்தக் கம்பெனிக்கும் மாதக் கட்டணம் கட்டாமல், எந்தச் செயற்கைக்கோளின் தயவும் இல்லாமல், நான்கு செல் போட்ட பெட்டியில் அந்தக் குரல் வந்து விழுந்தது. என்ன சொன்னாள்? மணி சொன்னாள். அவ்வளவுதான். ரயில்வேக்காரனுக்கு மணி புதிதா? ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இதை ஆபீசில் சொன்னபோது, "அது கூகிளில் போட்டாலே வருமே" என்றார் ஒரு நண்பர். வரும்தான். அவருக்கு எப்படி விளக்குவது என்று யோசித்ததில்தான் இந்தக் கட்டுரையே பிறந்தது.

மாட்டுங்காவில் நிற்காத வண்டி

பூமிக்கு மேலே ஏறத்தாழ 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்று ஒரு கூரை போலப் பரவியிருக்கிறது. அதை அயன மண்டலம் என்கிறார்கள். சிற்றலை அங்கே போய் முட்டி வளைந்து தரைக்குத் திரும்புகிறது. தரையிலிருந்து மறுபடி மேலே போகிறது. ஒரு தாவலில் மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டர்கூடக் கடந்துவிடும். இப்படி ஒரு கூரை இருப்பதை 1924-ல் ஆப்பிள்டன் என்ற ஆங்கிலேயர் பரிசோதனையால் நிரூபித்தார். 1947-ல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்.

இதனால் ஒரு வேடிக்கை. பக்கத்து ஊர் ஹாம் பேசுவது கேட்காமல் ஐரோப்பாவில் ஒருவர் பேசுவது தெளிவாகக் கேட்கும். ஃபாஸ்ட் லோக்கல் மாட்டுங்காவில் நிற்பதில்லை அல்லவா? வண்டி நம் தலைக்கு மேலேயே ஓடும். நாம் பிளாட்பாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சிற்றலையும் அப்படித்தான், நடுவில் உள்ளவர்களைத் தாண்டிப் போய் இறங்கும்.

பகலில் அயன மண்டலத்தின் கீழ் அடுக்கு நீண்ட அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும். ஆகவே பகலுக்கு 19 மீட்டர், 16 மீட்டர் பட்டைகள். இரவுக்கு 31, 41, 49 மீட்டர். விடியும் வேளையும் அந்தி வேளையும் எல்லாவற்றிலும் உத்தமம். இரவு டூட்டி பார்ப்பவர்களுக்கு இது கடவுள் கொடுத்த வசதி. சூரியனில் கரும்புள்ளிகள் அதிகமானால் தூரத்து நிலையங்கள் நன்றாகக் கேட்கும். ஏறக்குறைய பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை அவை உச்சத்துக்கு வரும். 2024-ல் அப்படி ஓர் உச்சத்தை எட்டியதாக அமெரிக்க விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். நம் கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தில் நூறு ஆண்டுக்கு மேலாக இந்தப் புள்ளிகளைப் படம் பிடித்து வருகிறார்கள். மலையில் பிடித்த படத்துக்கும் தாராவி மாடத்தில் கேட்கும் பாட்டுக்கும் இப்படி ஓர் உறவு!

இந்தச் சிற்றலையின் சரித்திரமும் நம்மைப் போன்றவர்களுக்கு உறைக்கக்கூடியது. அமெரிக்காவில் 1912-ல் சட்டம் போட்டபோது, 200 மீட்டருக்குக் குறைந்த அலைகள் தூரத்துக்குப் போகாது, உதவாதவை என்று கருதி, அவற்றை விளையாட்டாக வானொலி நடத்திய அமெச்சூர்களின் தலையில் கட்டினார்கள். நல்ல அலைகள் கப்பல்களுக்கும் கம்பெனிகளுக்கும் போயின. அந்த அமெச்சூர்கள் சும்மா இருக்கவில்லை. 1923 நவம்பரில், ஏறத்தாழ 110 மீட்டர் அலையில், அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு இக்கரையும் அக்கரையும் பேசிக்கொண்டார்கள். பெரிய கம்பெனிகள் வாயைப் பிளந்தன. பிறகு எல்லோரும் அந்த உதவாத அலைக்கே ஓடிவந்தார்கள். யாருக்கும் வேண்டாத சதுப்பு நிலத்தில் குடியேறி அதைத் தாராவி ஆக்கியவர்களுக்கு இந்தக் கதையை நான் விளக்க வேண்டியதில்லை.

பம்பாயிலிருந்து பம்பாய்க்கு, கொழும்பு வழியாக

1952 வாக்கில் ஆகாசவாணி சினிமாப் பாட்டை ஓரங்கட்டியது. அதைப் பிடித்துக்கொண்டது கொழும்பு. அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' நிகழ்ச்சியைத் தெரியாதவர் இந்த ஊரில் இல்லை. அது பம்பாயிலேயே பதிவு செய்யப்பட்டது. நாடா விமானத்தில் கொழும்பு போகும். அங்கிருந்து சிற்றலையில் ஏறி வானத்தில் முட்டி மறுபடி பம்பாய் வீடுகளில் வந்து இறங்கும். 2024 பிப்ரவரியில் சயானி காலமானபோது எங்கள் ஆபீசில் ரிடையராகும் நிலையிலிருந்த ஒரு மராட்டியப் பெரியவர் கண் கலங்கினார். திருநெல்வேலி, தூத்துக்குடிக் கரைக்காரர்களுக்கோ கொழும்பு உள்ளூர் நிலையம் மாதிரி. அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்கத் தபாலாபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்சு வாங்க வேண்டும். 1980-களில்தான் அது ஒழிந்தது. பணம் கட்டியது டில்லி சர்க்காருக்கு, பாட்டுக் கேட்டது கொழும்பில்!

லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை 1941-ல் தொடங்கியது. பீகிங் வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963-ல் வந்தது. சீனர்களே தமிழ் படித்து, தமிழ்ப் பெயரும் வைத்துக்கொண்டு பேசினார்கள். மாஸ்கோ பேசியது. மணிலாவிலிருந்து வேரித்தாஸ் பேசியது. ஊரை விட்டு வந்தவனுக்கு, தன் பாஷையை ஒரு சீனன் அக்கறையாக உச்சரிப்பதைக் கேட்பதில் ஒரு பெருமிதம் உண்டு. இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் நம்மை 'மதராஸி' என்பதற்கு மேல் ஒன்றும் தெரிந்துகொள்ளாத நாட்களில் அது கொஞ்சநஞ்ச ஆறுதல் அல்ல.

பிறகு ஒவ்வொன்றாக விளக்கணைத்தார்கள். 2012-ல் ஹாலந்தும் கனடாவும் தங்கள் சர்வதேசச் சிற்றலையை மூடின. 2017 ஜனவரியில் ஆஸ்திரேலியா. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் தமிழோசை, 76 ஆண்டுக்குப் பின், வானொலியை நிறுத்தியது. ஆகாசவாணியும் தன் சிற்றலைக் கருவிகளைச் சிறுகச் சிறுகக் குறைத்துக்கொண்டது. செலவு அதிகம், கேட்பவர் குறைவு என்பதே எல்லோரும் சொல்லும் காரணம்.

கேட்பவர் குறைவு என்பது உண்மை. மறுக்க முடியாது. ஆனால் எப்போது குறைவு? எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது குறைவு. 2019 ஆகஸ்டில் காஷ்மீரத்தில் போனும் இண்டர்நெட்டும் துண்டிக்கப்பட்டபோது பி.பி.சி. என்ன செய்தது? சிற்றலையில் இந்திச் செய்தி நேரத்தைக் கூட்டியது. உருதுவில் புதிதாகச் செய்தி ஆரம்பித்தது. அதே பி.பி.சி. ஆறு மாதம் கழியுமுன், 2020 ஜனவரி 31-ந் தேதி, இந்திச் சிற்றலையை மூடிவிட்டது. 2022-ல் உக்ரேனில் யுத்தம் வந்ததும் அந்நாட்டுக்குச் சிற்றலையைத் திறந்தது. 2023-ல் சூடானுக்குத் திறந்தது. வெள்ளம் வந்த பிறகு படகு செய்ய ஆசாரியைத் தேடுவது போல இருக்கிறது இது. கருவியைத் திருப்பி முடுக்கலாம். வீட்டில் பெட்டியும் அதைத் திருகத் தெரிந்த கையும் இருந்தால்தானே கேட்பதற்கு? அதனால்தான் பரணில் இருப்பதைத் தூக்கிப்போடாதீர்கள் என்கிறேன்.

கேட்பது மட்டுமல்ல, பேசுவதும் அப்படித்தான். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற அம்மையாரின் தலைமையில் ஓர் அமெச்சூர் வானொலிக் குழு அரசின் அனுமதியோடு போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. உலகத்து ஹாம்களுக்கு அந்தமான் அரிய இடம். அதனுடன் பேசிவிட வேண்டுமென்று ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். 26-ந் தேதி சுனாமி வந்தது. டெலிபோன் போயிற்று. விளையாட்டுக்குக் கொண்டுபோன அதே பெட்டிகள் தீவுக்கும் நாட்டுக்கும் நடுவே செய்தி சுமந்தன. 'என் பிள்ளை உயிரோடு இருக்கிறானா' என்ற கேள்விகளும் பதில்களும் அவற்றின் வழியாகப் போய் வந்தன.

எதிரி வீட்டுக்குள்ளேயே

மும்பையில் சிற்றலை கேட்க முடியவில்லை, ஒரே இரைச்சல் என்று ஒதுக்கியவர்கள் பலர். இரைச்சல் வானத்திலிருந்து வருவது கொஞ்சம்தான். பாக்கி, நம் சுவரிலிருந்து வருகிறது. மலிவான எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், செட்-டாப் பெட்டி, இன்வர்ட்டர், லிஃப்ட் மோட்டார். ஒரு நாள் செய்து பாருங்கள்: வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ரேடியோவைச் செல்லில் போடுங்கள். புதுப் பெட்டி வாங்கியது போல இருக்கும். மழைக்காலத்து இடியையும், மின்சார ரயிலின் மேல்கம்பியில் பறக்கும் பொறியையும் பொறுத்துக்கொள்ளலாம். அவை வந்து போகும். தரமில்லாத பல்பு மாலை ஆறு மணிக்குப் பிடித்தால் நள்ளிரவு வரை விடாது.

இது புதிய சங்கடமும் அல்ல. கொலாபாவில் பூமியின் காந்தத்தை அளந்துவந்த பழைய ஆய்வுக்கூடத்தின் வேலை, மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், 1904-ல் அலிபாகுக்கு மாற்றப்பட்டது. அன்றைக்கு ஒரு ஊசியின் நிம்மதிக்காகக் கடல் கடந்து இடம் தேடினார்கள். இன்றைக்குப் பல்பு செய்கிறவனிடம், ஒரு சிறிய வடிகட்டியைச் சேர்த்து விற்கச் சொல்லிக் கண்டிப்பாகக் கேட்க ஆளில்லை. விதியை ஏட்டில் வைத்துப் பயனில்லை. கடையில் விற்கும் பல்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இது எம்.பி.க்கள் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்த எதிரி ஹவுசிங் சொசைட்டி. சிமெண்டும் கம்பியும் கொண்ட கட்டடத்துக்குள் சிற்றலை நுழையத் திணறும். பத்து மீட்டர் மெல்லிய செம்புக் கம்பியை மாடியில் கட்டி, மறுமுனையை ஏரியலில் கவ்வவிட்டால் போதும். நான் குடியிருக்கும் கட்டடத்தில் — பெயர் வேண்டாம் — இதற்கு அனுமதி கேட்டு மூன்று முறை மனுக் கொடுத்தேன். டி.வி. குடைகள் முப்பது அங்கே மழையில் துருப்பிடித்துத் தொங்குகின்றன. அவற்றுக்கு மனுவும் இல்லை, தீர்மானமும் இல்லை. துணி உலர்த்தும் கொடியைவிட மெல்லிய என் கம்பி மட்டும் 'கட்டடத்தின் அழகைக் கெடுக்கும்' என்று செயலாளர் எழுத்து மூலம் பதில் தந்தார். ஆகவே இப்போதைக்கு ஜன்னல் கம்பியில் உள்ளடக்கமாகச் சுற்றியிருக்கிறேன். கமிட்டியில் இருக்கும் நம்மவர்கள் இதைப் படித்தால், வரும் ஜெனரல் பாடி மீட்டிங்கில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுகிறேன்.

பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை

கேட்பதற்கு லைசென்சு வேண்டாம். வானலையில் பேசுவதற்குக் கட்டாயம் வேண்டும். லைசென்சு இல்லாமல் பேசும் கருவியை வாங்கி வைப்பதும் குற்றம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மத்திய சர்க்காரின் தகவல் தொடர்பு இலாகா இதற்குப் பரீட்சை நடத்துகிறது. பன்னிரண்டு வயது நிறைந்தவர் எழுதலாம். கீழ்ப்படியான 'ரெஸ்டிரிக்டெட்' தரத்துக்கு மோர்ஸ் தந்தி தெரிய வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புப் பௌதிகத்தை ஒழுங்காகப் படித்த பையனுக்கும் பெண்ணுக்கும் இது எட்டாத கனி அல்ல. பட்டமும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். தேறினால் VU என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். உலகத்தில் அதே குறி வேறு ஒருவருக்கும் இராது. ராஜீவ் காந்தியிடமும் அப்படி ஒன்று இருந்தது. டியூஷனுக்கும் கோச்சிங்குக்கும் அள்ளிக் கொடுக்கும் நம் பெற்றோர்கள் இதற்காகப் பிள்ளைகளுக்கு ஒரு விடுமுறையை ஒதுக்கலாம்.

அதுவரை கேட்டு எழுதுங்கள். வெளிநாட்டு நிலையம் ஒன்றைக் கேட்டால், தேதி, சர்வதேச நேரம் — நம் மணியிலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும் — அலைவரிசை, என்ன நிகழ்ச்சி கேட்டீர்கள் என்ற விவரம் எல்லாம் எழுதி அனுப்பினால், சரிபார்த்து அத்தாட்சியாக ஒரு படஅட்டை அனுப்புவார்கள். சில நிலையங்கள் இப்போது மின்னஞ்சலில் அனுப்புகின்றன. சில இன்னமும் தபாலில். கேட்ட தரத்துக்கு ஐந்து இலக்கம் போட வேண்டும்: பலம், குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்த மதிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து. நம்மவரில் சிலருக்கு எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டு, கடைசியில் 'ஒரு காலண்டரும் பேனாவும் அனுப்பவும்' என்று சேர்க்கும் வழக்கம் இருந்தது. ஐந்து போட்டால் நிலையத்தார் மகிழ்வார்கள் என்று நினைப்பு. அவர்களுக்கு வேண்டியது மும்பையில் எப்படிக் கேட்டது என்ற நிஜம்; அதை வைத்துத்தான் ஏரியலைத் திருப்புகிறார்கள். இரண்டு கேட்டால் இரண்டு போடுங்கள். சரக்கு எடையைக் குறைத்தும் கூட்டியும் எழுதினால் என்ன ஆகும் என்பது கூட்ஸ் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நிலையங்களின் அட்டவணை ரயில்வே டைம்டேபிள் போல வருஷத்துக்கு இரண்டு முறை மாறும்: மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. மும்பையில் மழையும் இடியும் ஓய்ந்த பிறகு வரும் அக்டோபர் அட்டவணையோடு ஆரம்பிப்பது நல்லது. பழைய செட்டு ரிப்பேருக்கு லாமிங்டன் ரோட்டில் இன்னமும் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். செட்டு சரியாகிவிட்டதா என்று பார்க்க, இரவு ஒன்பது மணி வாக்கில் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு 10,000 கிலோஹெர்ட்ஸுக்குப் போங்கள். சீனாவின் டிக்டிக் கேட்டால் பெட்டி வேலை செய்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் பொறுத்து, அதற்கு அடியில் வேறு ஏதாவது கேட்கிறதா என்று கவனியுங்கள்.